இரண்டு நாடுகளின் மின்வசதியைக் காலவரிசையில் ஒப்பிடுவது எப்படி: இந்தியா, வங்கதேசம் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நாட்டைத் தேர்ந்தெடு, தரவை இறக்கு, கோடு போடு, முடிந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். கோடு போட அரை மணி நேரம் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உலக வங்கியின் வரிசையில் இந்தியாவின் கோடு 2011ல் திடீரென்று பள்ளத்தில் விழுந்து, மறு ஆண்டே எழுந்து நின்றது. உடனே ‘2011ல் இந்தியாவின் மின் நெருக்கடி’ என்று ஒரு பத்தி விளக்கம் எழுதிவிட்டேன். கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே ஆண்டில் கம்பியை அறுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி மாட்டினார்களா என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது என்பதை 4ஆம் படியில் சொல்கிறேன்.

இங்கே இந்தியாவையும் வங்கதேசத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஆனால் ஆரம்பித்த இடம் வேறு, ஓடிய வேகமும் வேறு. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் இந்த ஜோடியில் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் மென்பொருள் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் கால்க் எதுவானாலும் சரி. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தரவில் நான்கு வகை வேண்டும். ஒன்று, உலக வங்கியின் மின்வசதி வரிசை. இரண்டு, அந்த வரிசைக்கு அடிப்படையான வீட்டு ஆய்வுகளின் அறிக்கைகள்: இந்தியாவுக்குத் தேசிய குடும்ப நல ஆய்வும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், வங்கதேசத்துக்கு அந்நாட்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வும் யூனிசெஃப் ஆதரவில் நடக்கும் குடும்ப ஆய்வும். மூன்று, இரு நாடுகளின் மக்கள்தொகை. நான்கு, ஊரகம், நகரம் என்று பிரித்த எண்கள்.

இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் 4ஆம் படியைத் தாண்ட முடியாது. முதலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

1. கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

‘இந்தியாவையும் வங்கதேசத்தையும் ஒப்பிடுவது’ என்பது கேள்வி ஆகாது. யார் முன்னே இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? யார் வேகமாக ஓடினார்கள் என்றா? இன்னும் எத்தனை பேர் இருட்டில் இருக்கிறார்கள் என்றா? இந்த மூன்றுக்கும் வேறு வேறு கணக்கு. மூன்றுக்கும் ஒரே பதில் வராது என்பதை 7ஆம் படியில் பார்ப்பீர்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுத உட்கார்ந்தால், அந்தப் படம் எதைக் காட்டுகிறதோ அதுவே உங்கள் கேள்வியாகிவிடும். ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். நம்முடைய கேள்வி இது: 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்து 2020 வரை, வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுசேர்ப்பதில் வங்கதேசம் இந்தியாவை எவ்வளவு நெருங்கியது?

2. ‘மின்வசதி’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு பொருள்கள் இருக்கின்றன.

முதலாவது, கிராமக் கணக்கு. 2004ல் இந்தியா வகுத்த வரையறைப்படி, அடிப்படைக் கட்டமைப்பும் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரமும் வந்து, குறைந்தது 10 சதவீத வீடுகளில் இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். 200 வீடுகள் உள்ள ஊரில் 20 வீட்டில் விளக்கு எரிந்தால் போதும். 2018 ஏப்ரல் 28ல் மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு பொய் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் மின்சாரம் என்று அதற்குப் பொருளும் இல்லை.

இரண்டாவது, மின்வாரியக் கணக்கு. எத்தனை மீட்டர், எத்தனை நுகர்வோர் என்று எண்ணுவது. ஒரே வீட்டில் மூன்று மீட்டர் இருந்தால் மூன்று. கொக்கி போட்டு எடுப்பவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

மூன்றாவது, வீட்டு ஆய்வு. வாசலில் நின்று ‘உங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கிறதா?’ என்று கேட்பது. கொக்கி போட்டவரும் ‘இருக்கிறது’ என்றுதான் சொல்வார். நமக்கு வேண்டியது இதுதான்; வீட்டில் விளக்கு எரிகிறதா என்பதுதான் நம் கேள்வி, யார் பெயரில் பில் வருகிறது என்பது இல்லை.

நான்காவது, விளக்குக் கணக்கு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘வெளிச்சத்துக்கு முதன்மையாக எதைப் பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேட்கிறது. இணைப்பு இருந்தும் மாலையில் கரண்ட் வராததால் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றும் வீடு, இங்கே மண்ணெண்ணெய்ப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2011ல் அப்படி மண்ணெண்ணெய் என்று சொன்ன வீடுகள் 31.4 சதவீதம். சூரிய ஒளி அங்கே தனி வரிசை, 0.4 சதவீதம்.

ஒரு நாட்டுக்கு ஒரு வரையறை, இன்னொரு நாட்டுக்கு வேறு வரையறை என்று எடுத்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. செய்திகளில் இந்தத் தப்பு சர்வ சாதாரணம்: ஒரு பக்கம் கிராமக் கணக்கு, மறு பக்கம் வீட்டுக் கணக்கு.

3. தரவை இறக்கி, தொடாத ஒரு பிரதி வையுங்கள்

உலக வங்கியின் தரவுத் தளத்தில் ‘ஆக்சஸ் டு எலக்ட்ரிசிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் மூன்று வரிசைகள் வரும்: மொத்தம், ஊரகம், நகரம். மூன்றையும் சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளத்தில் இதே வரிசை அழகான வரைபடமாகவே கிடைக்கும். முதலில் ஒரு பார்வை பார்க்க அது நல்லது. வேலை செய்ய மூலக் கோப்புதான் வேண்டும்.

கோப்பின் பெயரில் இறக்கிய தேதியைச் சேருங்கள். உலக வங்கி புதிய ஆய்வுகள் வரும்போது பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்துகிறது. இந்தியாவை மார்ச்சில் இறக்கி, வங்கதேசத்தை அடுத்த மார்ச்சில் இறக்கினால், இரண்டு வெவ்வேறு பதிப்புகளைத்தான் ஒப்பிடுகிறீர்கள். இரண்டையும் ஒரே நாளில் இறக்குங்கள்.

கோப்பைத் திறந்ததும் மூன்று குழிகள் காத்திருக்கும்:

- தலைப்பு வரிசை முதல் வரியில் இருக்காது. மேலே சில வரிகளுக்கு விவரக்குறிப்பு இருக்கும். அதைப் பிரதியில் நீக்கிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.
- ஆண்டுகள் பத்திகளாகக் கிடையில் ஓடும். வரைபடத்துக்கு அவை மேலிருந்து கீழாக வர வேண்டும். ‘டிரான்ஸ்போஸ்’ போட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள்.
- காலிக் கட்டங்கள். 1960 முதல் பத்திகள் இருக்கும், ஆனால் மின்வசதி எண்கள் 1990களில்தான் தொடங்கும். காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் அமைப்பு இருந்தால் முப்பது ஆண்டுகள் இருட்டாகி, பிறகு ஒரே நாளில் பாதி நாட்டுக்கு விளக்கு வந்த மாதிரி படம் வரும். வேறொரு பக்கம் வழியாக இறக்கினால் காலிக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அதை மென்பொருள் எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் தகராறு செய்யும்.

இன்னொன்று: நாடுகளுக்கு நடுவே ‘தெற்காசியா’ போன்ற கூட்டு வரிசைகளும் கலந்திருக்கும். நாட்டுப் பெயரை வடிகட்டும்போது கவனம்.

4. அளந்த புள்ளி எது, கணித்த புள்ளி எது?

வழிகாட்டியில் மிக நீளமான படி இது. நேரம் இல்லை என்றால் மற்றதைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

ஒரு நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, சில சமயம் பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வு நடக்கும். ஆனால் உலக வங்கியின் வரிசையில் ஆண்டுதோறும் ஒரு எண் இருக்கிறது. நடுவில் உள்ளவை புள்ளியியல் மாதிரி ஒன்றால் நிரப்பப்பட்டவை. ஆய்வு இருக்கும் ஆண்டில் ஆய்வு எண், இல்லாத ஆண்டில் கணிப்பு. அதாவது கோட்டின் பெரும்பகுதி கணிப்பு. அங்கங்கே உள்ள புள்ளிகள்தான் நிஜம்.

எனவே விரிதாளில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே ‘ஆய்வு’ அல்லது ‘கணிப்பு’ என்று எழுதுங்கள். அதற்குத்தான் ஆய்வறிக்கைகளை முன்பே இறக்கச் சொன்னேன்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மின்சாரம் உள்ள வீடுகள்:

- 1992–93: சுமார் 51 சதவீதம்
- 1998–99: சுமார் 60
- 2005–06: 67.9
- 2015–16: 88.2
- 2019–21: சுமார் 97

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி:

- 2001: 55.8
- 2011: 67.2

இப்போது இரண்டையும் கலந்து ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: 60, 56, 68, 67, 88. ஏறி, இறங்கி, ஏறி, இறங்குகிறது. நாட்டில் எதுவும் இறங்கவில்லை. கேள்வி மாறியது, அவ்வளவுதான். ஒருவர் ‘மின்சாரம் இருக்கிறதா’ என்று கேட்டார், மற்றவர் ‘எந்த விளக்கு’ என்று கேட்டார்.

நான் ஒரு பத்தி எழுதிய 2011 பள்ளமும் இதேதான். நான் இறக்கிய பிரதியில், 2011க்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் 75ஐத் தாண்டி இருந்தன; 2011 மட்டும் 67ஐ ஒட்டி இருந்தது. கணிப்பு வரிசைக்கு நடுவில் கணக்கெடுப்பின் எண் வந்து உட்கார்ந்திருந்தது.

வங்கதேசத்துக்கும் அதே மாதிரி ஆய்வுப் புள்ளிகளை எடுங்கள்: 1999–2000ல் சுமார் 32 சதவீதம், 2011ல் சுமார் 60, 2019ல் சுமார் 92. இந்தியாவுக்கு நல ஆய்வுகளை மட்டும், வங்கதேசத்துக்கு அதே பாணியில் கேட்ட ஆய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தனி நிறத்தில் ஓரமாக வைப்பது என் வழக்கம். தூக்கிப் போட வேண்டாம். 5ஆம், 8ஆம் படிகளில் அது தேவைப்படும்.

‘1998–99’ போன்று இரண்டு ஆண்டில் நடந்த ஆய்வை எந்த ஆண்டில் வைப்பது? நடு ஆண்டை எடுத்து, இரு நாட்டுக்கும் அதே விதியைப் போடுங்கள். நான் 1998–99ஐ 1999 என்றும், 2019–21ஐ 2020 என்றும் எடுக்கிறேன்.

5. ஊரகத்தையும் நகரத்தையும் கூட்டிச் சரிபாருங்கள்

இந்தப் படி சின்னது. ஆனால் எண்ணைத் தப்பாக ஒட்டியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

2011 கணக்கெடுப்பில் ஊரக வீடுகளில் 55.3 சதவீதம், நகர வீடுகளில் 92.7 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 74 வரும். தப்பு. மொத்தம் 24.67 கோடி வீடுகளில் ஊரகத்தில் இருந்தவை 16.78 கோடி, அதாவது 68 சதவீதம். 55.3ஐ 0.68ஆலும் 92.7ஐ 0.32ஆலும் பெருக்கிக் கூட்டினால் 67.3 வருகிறது. அறிக்கையில் உள்ள 67.2ஓடு பொருந்துகிறது. சரி, எண்கள் ஒழுங்காக இருக்கின்றன.

இதைச் செய்யும்போது இன்னொன்றும் புரியும். ஊரில் உள்ளவர்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தாலே மொத்த சதவீதம் கொஞ்சம் ஏறிவிடும், ஒரு கம்பி கூட புதிதாக இழுக்காமல். ஒரு நாடு வேகமாக நகரமயமானால் மொத்தக் கோட்டை மட்டும் பார்த்து மின்வாரியத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம். ஊரகக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

6. இப்போது கோடு போடுங்கள்

விரிதாளில் ‘லைன் சார்ட்’ எடுக்காதீர்கள்; ‘ஸ்கேட்டர்’ எடுங்கள். ஆய்வுப் புள்ளிகளை மட்டும் கொடுத்தால் லைன் சார்ட் ஆண்டுகளை வெறும் பெயர்களாகப் பாவித்து, 1999க்கும் 2006க்கும் இடையே விட்ட இடைவெளியையே 2006க்கும் 2016க்கும் விடும். ஏழு ஆண்டும் பத்து ஆண்டும் ஒன்றாகிவிட்டால் சரிவு பொய் சொல்லும். ஸ்கேட்டரில் ஆண்டு எண்ணாகவே இருக்கும்.

நெட்டச்சு (கீழிருந்து மேலாகப் போகும் அச்சு) 0 முதல் 100 வரை. ஆய்வுப் புள்ளிகள் நிரப்பிய வட்டம், கணிப்புகள் வெற்று வட்டம் அல்லது மெல்லிய கோடு. வளைவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத மேடு பள்ளங்களை உருவாக்கும். இரு நாட்டுக்கு இரண்டு நெட்டச்சு வைப்பது கூடவே கூடாது. நாட்டின் பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதுங்கள். பெட்டியில் நிறம் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

7. வேகத்தை மூன்று விதமாக அளந்து பாருங்கள்

எனக்குப் பிடித்த படி. ஒரே எண்களில் இருந்து மூன்று தீர்ப்புகள் வரும்.

முதல் அளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதப் புள்ளி. வங்கதேசம் 2000ல் 32, 2019ல் 92: பத்தொன்பது ஆண்டில் 60 புள்ளி, ஆண்டுக்கு 3க்குச் சற்று மேல். இந்தியா 1999ல் 60, 2020ல் 97: இருபத்தொரு ஆண்டில் 37 புள்ளி, ஆண்டுக்கு 1.8. வங்கதேசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். பெரும்பாலான கட்டுரைகள் இங்கே நின்றுவிடும்.

ஆனால் இந்தியா 60ல் தொடங்கியது. அதற்கு மேலே இருந்ததே 40 புள்ளிதான். 60 புள்ளி ஏற இடமே இல்லை. அதனால் இரண்டாவது அளவு: இருட்டில் இருந்த வீட்டு விகிதத்தில் எத்தனை பங்கு குறைந்தது? வங்கதேசத்தில் 68 சதவீதம் 8 ஆனது. 88 சதவீதக் குறைவு. இந்தியாவில் 40 சதவீதம் சுமார் 3 ஆனது, 92 சதவீதக் குறைவு. தீர்ப்பு புரண்டுவிட்டது. இந்தியா ஒரு நூல் முன்னே.

மூன்றாவது அளவு, ஒரே படிக்கட்டில் இருவரையும் நிறுத்துவது. 60ல் இருந்து 90க்குப் போக யாருக்கு எத்தனை ஆண்டு? இந்தியா 1999ல் 60. 2016ஐ ஒட்டி 88, 2020ல் 97 என்பதால், இடையே நேர்க்கோடாகக் கணக்கிட்டால் 90ஐ 2017ஐ ஒட்டித் தாண்டியது. ஏறக்குறைய 18 ஆண்டு. வங்கதேசம் 60ஐ 2011ல் தொட்டது. அதே முறையில் 90ஐ 2018 நடுவாக்கில் தாண்டியது. ஏழரை ஆண்டு.

இதையே கிடைமட்டமாகப் படியுங்கள். 60 என்ற படியில் வங்கதேசம் இந்தியாவுக்கு 12 ஆண்டு பின்னால் இருந்தது. 90 என்ற படியில் வெறும் 2 ஆண்டுதான். நம் கேள்வி ‘எவ்வளவு நெருங்கியது’ என்பதால், இதுதான் நமக்கான அளவு. இங்கேதான் 1ஆம் படியில் தாளில் எழுதி ஒட்டியது உதவிக்கு வரும். இல்லாவிட்டால் மனசுக்குப் பிடித்த நாட்டுக்குச் சாதகமான அளவைக் கை தானாக எடுத்துவிடும்.

மூன்றாவது அளவும் முழுக்க நியாயம் இல்லை. வங்கதேசம் அந்தப் படியை ஏறியது 2011க்குப் பிறகு. இந்தியா ஏறத் தொடங்கியது 1999ல். இடையில் சூரியத் தகடும் எல்இடி விளக்கும் மிகவும் மலிவாகிவிட்டன. வங்கதேசத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இந்தியாவில் அதில் பாதிகூட இல்லை. நெருக்கமான ஊருக்குக் கம்பி இழுப்பது வேறு, மலைக்கு மலை இழுப்பது வேறு. இதை வரைபடத்தின் கீழ் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

8. சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

இந்தியாவின் 2001 மக்கள்தொகை சுமார் 103 கோடி. கணக்கெடுப்பின்படி 44 சதவீத வீடுகளில் மின்விளக்கு இல்லை. அதாவது 45 கோடி பேர். 2011ல் 121 கோடியில் 33 சதவீதம்: 40 கோடி பேர். சதவீதம் 11 புள்ளி ஏறியும், இருட்டில் இருந்தவர்கள் குறைந்தது ஐந்தாறு கோடிதான். பத்தாண்டில் ஏறத்தாழ 24 கோடி பேருக்கு வெளிச்சம் வந்தது. அதற்குள் 18 கோடி பேர் கூடிவிட்டார்கள். ஓடும் ரயிலில் பின்னோக்கி நடக்கிற கதை.

வங்கதேசத்தில் 2011ல் சுமார் 15 கோடிப் பேரில் 40 சதவீதம், 6 கோடி. (இது வீட்டு ஆய்வு, இந்தியாவுடையது விளக்குக் கணக்கு; அதனால் தோராய ஒப்பீடுதான்.) விகிதத்தில் வங்கதேசம் பின்னே. ஆனால் இந்தியாவில் இருட்டில் இருந்தவர்கள் மட்டுமே வங்கதேசத்தின் மொத்த மக்கள்தொகையை விட இரண்டரை மடங்குக்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. இங்கே வீட்டுச் சதவீதத்தை அப்படியே ஆட்களின் சதவீதமாக எடுத்துக்கொண்டோம். மின்சாரம் இல்லாத வீட்டில் சராசரியை விட அதிகம் பேர் இருந்தால் இந்த எண் குறைவாக இருக்கும். ஆய்வறிக்கைகளில் வீடுகளுக்கு ஒரு பத்தியும் ஆட்களுக்கு ஒரு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு நாட்டுக்கு இதையும் இன்னொரு நாட்டுக்கு அதையும் எடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் அடிக்கடி நடக்கிறது.

9. காரணங்களை ஆண்டுகளோடு பொருத்துங்கள்

கோடு ஏறுகிறது, பக்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது, ஆகவே திட்டத்தால் ஏறியது. இப்படி எழுதும் முன் ஏற்றம் எப்போது நடந்தது என்று பாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்ற சௌபாக்யா திட்டம் 2017 செப்டம்பரில் தொடங்கியது. இந்தியா 88 சதவீதத்தைத் தொட்டது 2015–16லேயே. 68ல் இருந்து 88 வரையான பெரிய ஏற்றம், 2005ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய ஊரக மின்மயத் திட்டம் முதலான முந்தைய வேலைகளின் காலத்தில் நடந்தது. கடைசி ஒன்பது சதவீதப் புள்ளிதான் சௌபாக்யாவின் காலம். அது சின்ன வேலை என்று சொல்லவில்லை. கடைசி வீடுகள்தான் தூரத்தில் இருக்கும், செலவும் அங்கேதான் அதிகம்.

வங்கதேசத்தில் இன்னொரு மாதிரியான தப்பு. 2003ல் இட்கால் என்னும் அரசு நிதி நிறுவனம் வழியாகத் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தகடு கொண்டுசென்றது. உலகப் புகழ் பெற்ற திட்டம். அதனால் ஏற்றம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 2011ல் வங்கதேசத்தில் இருந்த வீடுகள் 3 கோடிக்கு மேல். 40 லட்சம் என்பது ஏறத்தாழ எட்டில் ஒன்று. ஏறியதோ 60 புள்ளி. மீதி எங்கிருந்து வந்தது? 1977ல் அமைந்த ஊரக மின்மய வாரியமும் அதன் கீழ் மாவட்டந்தோறும் இயங்கிய ‘பல்லி பித்யுத் சமிதி’ என்னும் கூட்டுறவுச் சங்கங்களும் இழுத்த கம்பிகளில் இருந்துதான் பெரும்பகுதி.

10. கம்பி வந்ததா, கரண்ட் வந்ததா?

மின்வசதி எண் ‘இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டுமே கேட்கிறது. எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 93.4 சதவீத வீடுகளில் மின்சாரம். அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆனால் மின்வசதி வரிசையில் ஒரு கீறல் கூட விழாது.

நம் ஜோடியிலும் அப்படித்தான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின் கட்டமைப்பும், இரண்டாம் நாள் அதோடு கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகளும் சரிந்து 60 கோடிக்கு மேற்பட்டவர்கள் இருட்டில் இருந்தார்கள். வங்கதேசம் 2022 மார்ச்சில் 100 சதவீதம் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 4ல் நாட்டின் பெரும்பகுதியில் கரண்ட் போனது.

இதை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. எளிது, ஆண்டுக்குத் தலைக்கு எத்தனை யூனிட் என்ற வரிசையைப் பக்கத்தில் வைப்பது. 2014ல் இந்தியாவில் சுமார் 800 யூனிட், வங்கதேசத்தில் 300க்குச் சற்று மேல். ஆனால் இதில் ஆலைகளின் பயன்பாடும் சேர்ந்திருக்கிறது. ஒரு வீடு எவ்வளவு எரித்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கடினமான வழி, உலக வங்கி சார்ந்த ஆய்வாளர்கள் 2015ல் முன்வைத்த பல அடுக்குச் சட்டகம். 0 முதல் 5 வரை அடுக்குகள். 1ஆம் அடுக்குக்கு நாளில் 4 மணி நேரமும் மாலையில் 1 மணி நேரமும் கிடைத்தால் போதும். சில விளக்கும் போன் சார்ஜும் ஓடும். 5ஆம் அடுக்குக்கு 23 மணி நேரம் வேண்டும். ‘வசதி இருக்கிறது’ என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு வீடும் அடங்கும். இந்த அளவில் எல்லா நாட்டுக்கும் நீண்ட வரிசை கிடையாது. கிடைக்கும் ஆண்டுக்கு மட்டும் துணைக்கு வையுங்கள். அதை வைத்துக் காலவரிசை போட முயல வேண்டாம்.

11. முடிவை எழுதுங்கள்

வாக்கியத்தில் நான்கும் இருக்க வேண்டும்: எந்த ஆய்வு, எந்த ஆண்டுகள், எந்த அளவு, எதைச் சொல்லவில்லை.

தப்பான வாக்கியம்: ‘மின்வசதியில் வங்கதேசம் இந்தியாவை விட இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது.’

நான் எழுதுவது: ‘வீட்டு ஆய்வுகளின்படி, 60 சதவீத வீடுகள் என்ற நிலையை வங்கதேசம் இந்தியாவுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு பின்னால் எட்டியது, 90 சதவீதத்தை எட்டும்போது இடைவெளி 2 ஆண்டாகக் குறைந்திருந்தது. மின்சாரம் நாளில் எத்தனை மணி நேரம் வந்தது என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை.’ கொஞ்சம் நீளம்தான். சுருக்கச் சொல்லும் பொறுப்பாசிரியர் முதலில் வெட்டுவது ‘வீட்டு ஆய்வுகளின்படி’ என்பதைத்தான். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், இதே வரிசையை வேறு ஜோடிக்குப் போடும்போது ஒன்று கவனியுங்கள். தெற்கு சூடான் 2011ல்தான் தனி நாடானது. எரித்ரியா எத்தியோப்பியாவில் இருந்து பிரிந்தது 1993ல். அப்படிப்பட்ட நாடு ஜோடியில் இருந்தால், 4ஆம் படிக்குப் போகும் முன் பழைய ஆய்வு எந்த எல்லைக்குள் நடந்தது என்று அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் பார்த்துவிடுங்கள்.